சிறுநீரகக் கட்டி: நோயாளிக்கான செவிலியர் பராமரிப்பு

சிறுநீரகத்தில் இயல்புக்கு மாறாகத் திரண்டு வளரும் எதையும் பொதுவாகச் சிறுநீரகக் கட்டி என்கிறார்கள். அது நீர் நிரம்பிய வெறும் பையாக இருக்கலாம். கொழுப்பும் ரத்தக்குழாய்களும் சேர்ந்த தீங்கற்ற கட்டியாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளிடம் சீழ்க்கட்டியும் இப்படித் தோன்றும். பெரியவர்களிடம் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்று ஸ்கேனில் ஒளிரும் திடக்கட்டி என்றால், அது பெரும்பாலும் சிறுநீரகச் செல் புற்றுநோய்தான். ஆனால் 4 செ.மீ.க்கும் குறைவான திடக்கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தீங்கற்றது என்று அறுவைக்குப் பின் தெரியவருகிறது. ஆகவே நோயியல் அறிக்கை வரும்வரை நோயாளியிடமோ உறவினரிடமோ செவிலியர் "கேன்சர்" என்று முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. "ஒன்றுமில்லை" என்றும் சொல்லக் கூடாது.

எல்லோருடைய கவனமும் கட்டி இருக்கும் பக்கத்தின் மேலேயே இருக்கும். செவிலியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: மறுபுறச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது? கட்டியை அகற்றுவது அறுவை மருத்துவரின் வேலை. அகற்றிய பிறகு மிஞ்சும் சிறுநீரகத் திசுவைக் காப்பதில் பெரும்பங்கு, மணிக்கு மணி அளந்து எழுதும் செவிலியருடையது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்வியை ஒட்டியே செல்கிறது.

கட்டியின் வகையும் நிலையும்

நீர்க்கட்டிகளை மார்ட்டன் பாஸ்னியாக் 1986-இல் வகுத்த முறைப்படி தரம் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு வகைகள் தீங்கற்றவை. இரண்டு-எஃப் என்ற இடைநிலை வகையைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். மூன்றாம் வகையில் புற்றுநோய்க்கான வாய்ப்பு கணிசமானது. நான்காம் வகையில் மிக அதிகம். ஸ்கேன் அறிக்கையில் 'பாஸ்னியாக் ஒன்று' என்று இருக்கும் நோயாளி இரவெல்லாம் தூங்காமல் பயந்துகொண்டிருந்தால், மருத்துவரிடம் சொல்லி அவருக்கு உடனே விளக்கம் கிடைக்கச் செய்வதும் பராமரிப்பில் ஒரு பகுதியே.

திடக்கட்டிகளின் நிலையை அளவையும் பரவலையும் வைத்துக் குறிக்கிறார்கள். சிறுநீரகத்துக்குள் அடங்கிய, 7 செ.மீ. வரை உள்ள கட்டி டி-1. அதில் 4 செ.மீ. வரை உள்ளது டி-1ஏ. 7 செ.மீ.க்கு மேற்பட்டும் சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தால் டி-2. சிறுநீரகச் சிரைக்குள்ளோ சுற்றியுள்ள கொழுப்புக்குள்ளோ புகுந்திருந்தால் டி-3. சிறுநீரகத்தைப் போர்த்தியிருக்கும் ஜெரோட்டா உறையைத் தாண்டிவிட்டால் டி-4. பெருஞ்சிரைக்குள் கட்டியின் திரள் நீண்டிருக்கும் நோயாளியிடம் செவிலியர் தனிக்கவனம் வைக்க வேண்டும். அதிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்துவிடலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஆக்சிஜன் அளவில் சரிவு ஆகியவற்றை அவரிடம் ஒருபோதும் பதற்றத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

சேர்க்கையின்போது கேட்கவும் பார்க்கவும் வேண்டியவை

சிறுநீரில் ரத்தம், விலாவலி, கையில் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதே பழைய பாடநூல்கள் சொல்லும் அடையாளம். இன்று பத்தில் ஒருவருக்குக்கூட மூன்றும் சேர்ந்து இருப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் தற்செயலாகக் கட்டி தெரிந்து வருபவர்களே அதிகம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தவர் திடீரென்று பெரிய அறுவைக்குப் படுக்கையில் சேர்க்கப்படுகிறார் என்பதை மனத்தில் வைத்துப் பேச வேண்டும்.

சேர்க்கைக் குறிப்பில் இவை இடம்பெற வேண்டும்:

சிறுநீரில் ரத்தம் வந்ததா, எப்போது, வலியோடா வலியில்லாமலா, கட்டியாக உறைந்து வந்ததா. எடை குறைந்ததா, மாலைக் காய்ச்சல் உண்டா, பசி எப்படி. ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு ஏற்பட்ட சிறுநீரகக் கல், காசநோய் பற்றிய விவரம். புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகக் கட்டி இருந்ததா என்பது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடும் வலிமாத்திரைகளும் நாட்டு மருந்துகளும்.

கடைசிக் கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டும். "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றால் பலர் "இல்லை" என்பார்கள். "முழங்கால் வலிக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டால், வருடக்கணக்காகத் தினமும் டைக்ளோஃபெனாக் விழுங்கிவரும் விவரம் வெளியே வரும். மறுபுறச் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு இது முக்கியமான துப்பு.

உடல் பரிசோதனையில் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம், எடை, உயரம், கால்வீக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். இரு கால்களும் வீங்கியிருந்தால் பெருஞ்சிரை அடைபட்டிருக்கலாம். ஆண்களிடம் விதைப்பையில் புதிதாகச் சிரைகள் புடைத்து, படுத்தாலும் அடங்காமல் இருந்தால் அதையும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். தீராத தாகம், மலச்சிக்கல், சோர்வு, குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கலாம்; சிறுநீரகப் புற்றுநோயில் இது அறியப்பட்ட ஒன்று. கட்டி தட்டுப்படுகிறதா என்று ஒவ்வொரு டியூட்டியிலும் ஆளுக்கொரு தடவை வயிற்றை அழுத்திப் பார்க்கும் வழக்கம் வேண்டாம்.

கிரியாட்டினின் அளவு அதிகமாகவோ பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்படும் நிலையிலோ உள்ள நோயாளிக்குக் கைச்சிரைகளைக் காப்பதும் கடமை. அவர் அதிகம் பயன்படுத்தாத கையின் முன்கையில் ஊசி குத்துவதைத் தவிர்த்து, புறங்கைச் சிரைகளைப் பயன்படுத்த வேண்டும்.

பரிசோதனைகள்

முடிவெடுக்கப் பெரிதும் உதவுவது கான்ட்ராஸ்ட் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். அனுப்புவதற்கு முன் கிரியாட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர். இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் நோயாளியை அனுப்பக் கூடாது. அத்தகையவர் மெட்ஃபார்மின் சாப்பிடுபவராக இருந்தால் அதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினின் பார்த்த பிறகே தொடர வேண்டும். முன்பு கான்ட்ராஸ்ட் மருந்தால் தடிப்போ மூச்சிரைப்போ வந்ததா என்று கேட்டு, விடையைக் கேஸ் ஷீட்டின் முகப்பிலேயே எழுத வேண்டும். ஸ்கேன் அறையில் முகவீக்கம், மூச்சிரைப்பு, ரத்த அழுத்தச் சரிவு தோன்றினால் முதல் மருந்து அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மி.கி. தொடைத் தசையில். ஆம்பூல் எங்கே இருக்கிறது என்பது செவிலியருக்குத் தேடாமல் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாக் கட்டிகளுக்கும் ஊசித்திசு ஆய்வு தேவைப்படுவதில்லை. முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டும் செய்கிறார்கள். அதன் பெரிய ஆபத்து ரத்தக்கசிவு. பிளேட்லெட், ஐ.என்.ஆர். சரியாக உள்ளனவா என்பதையும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளதா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். ஆய்வுக்குப் பின் நோயாளி சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை கழிக்கும் சிறுநீரிலும் சிறிதளவை நிறமற்ற குப்பியில் பிடித்து, நேரம் எழுதி, வரிசையாக ஜன்னலோரம் வைக்கலாம். முதல் குப்பியைவிட மூன்றாவது வெளுத்திருந்தால் கசிவு அடங்குகிறது. கறுத்தோ சிவந்தோ இருந்தால் கூடுகிறது. நினைவை நம்பி "முன்பைவிடப் பரவாயில்லை" என்று எழுதுவதைவிட இந்த வரிசை தெளிவாகச் சொல்லும்.

அறுவைக்கு முன்

கட்டி சிறியதாகவும் வசதியான இடத்திலும் இருந்தால் அதை மட்டும் வெட்டி எடுத்து மீதிச் சிறுநீரகத்தை விட்டுவைக்கும் பகுதி நீக்கமே இன்று முதல் தேர்வு. கட்டி பெரியதாக அல்லது நடுவில் ரத்தக்குழாய்களை ஒட்டி இருந்தால் முழு நீக்கம். அறுவை திறந்த முறையிலோ லேப்ராஸ்கோப்பியிலோ ரோபோ உதவியுடனோ நடக்கலாம். லேப்ராஸ்கோப்பி மூலம் முதல் சிறுநீரக நீக்கத்தை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் குழுவினர் 1990-இல் செய்தனர்.

எந்த அறுவையானாலும் நோயாளி கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "சிஸ்டர், ஒரு கிட்னியை எடுத்துட்டா மிச்ச காலத்துக்கு ஒண்ணு போதுமா?" இதற்குத் தட்டிக்கழிக்காத விடை உண்டு. 1869-இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் குஸ்தாவ் சைமன் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் சிறுநீரகம் ஒன்றைத் திட்டமிட்டு அகற்றினார், அவர் பிழைத்தார். நல்ல நிலையில் உள்ள ஒரு சிறுநீரகம் உடலின் வேலையைத் தாங்கும் என்பது அன்று முதல் மருத்துவம் அறிந்த உண்மை. சிறுநீரகம் தானம் செய்தவர்கள் ஒற்றைச் சிறுநீரகத்துடன் வாழ்கிறார்கள். ஆனால் 'நல்ல நிலையில் உள்ள' என்ற நிபந்தனையை விட்டுவிட்டுப் பதில் சொல்லக் கூடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மறுபுறத்தை ஏற்கெனவே பாதித்திருக்கும் நோயாளிக்கு மருத்துவர் என்ன விளக்கினாரோ அதையொட்டியே செவிலியரும் பேச வேண்டும். இருவரும் வெவ்வேறு விடை சொன்னால் நோயாளி இருவரையும் நம்பமாட்டார்.

எந்தப் பக்கம் என்பதில் தவறு நேர்ந்தால் திருத்தவே முடியாது. இரட்டை உறுப்புகளில் மிகக் கொடிய பிழை, நல்ல சிறுநீரகத்தை எடுத்துவிடுவது. ஒப்புதல் படிவம், ஸ்கேன் படம், ஸ்கேன் அறிக்கை, உடலில் மருத்துவர் போட்ட குறி, நோயாளியின் வாய்மொழி ஆகிய ஐந்தும் ஒரே பக்கத்தைச் சொல்ல வேண்டும். "வலது பக்கம்தானே?" என்று கேட்டால் பதற்றத்தில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். "எந்தப் பக்கம் ஆபரேஷன்? கையை வைத்துக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். குறி மயக்கம் கொடுப்பதற்கு முன், நோயாளி விழித்திருக்கும்போதே போடப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் குழுவே நின்று பெயர், அறுவை, இடம் மூன்றையும் உரக்கச் சொல்லும் கட்டம் உண்டு. ஐந்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும் நோயாளியை நிறுத்தி வைக்கும் உரிமையும் கடமையும் செவிலியருக்கு உண்டு.

மற்ற ஆயத்தங்கள்: சிறுநீரகங்களுக்கு இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்கிறது. அதனால் ரத்த இழப்பு குறுகிய நேரத்தில் பெரிதாகலாம். ரத்தம் பொருத்தம் பார்த்துத் தயாராக உள்ளதா என்பதை அறுவைக்கு முதல்நாளே உறுதி செய்ய வேண்டும். திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். மூன்று பந்துக் கருவியில் மூச்சை உள்ளே இழுக்கும் பயிற்சி, தலையணையை விலாவில் அணைத்துக்கொண்டு இருமும் முறை, புரண்டு படுத்துக் கையூன்றி எழும் முறை மூன்றையும் அறுவைக்கு முன்பே பழக்க வேண்டும். தையல் வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்வது யாராலும் முடியாது.

அறுவைக்குப் பின் முதல் 24 மணி நேரம்

நோயாளியை வார்டில் ஏற்றுக்கொள்ளும்போது கேட்க வேண்டியவை: எந்தப் பக்கம், பகுதியா முழுமையா, மறுபுறச் சிறுநீரகத்தின் நிலை, எவ்வளவு ரத்தம் போனது, எவ்வளவு திரவமும் ரத்தமும் ஏற்றப்பட்டன, டிரெயின் எங்கே, நெஞ்சுக்கூட்டைத் திறக்க நேர்ந்ததா, அட்ரினல் சுரப்பியும் எடுக்கப்பட்டதா, பகுதி நீக்கம் என்றால் ரத்தக்குழாய் எத்தனை நிமிடம் அடைக்கப்பட்டிருந்தது.

*ரத்தக்கசிவு.* முதல் கவலை இதுவே. ரத்த அழுத்தம் சரிவது தாமதமான அறிகுறி; அதற்கு முன் நாடி எகிறும். நாடி 82, 90, 98, 112 என்று ஏறிக்கொண்டே போக, ரத்த அழுத்தம் 120/80-லேயே நின்றிருக்கும் தாளைப் பார்த்து "பி.பி. நார்மல்" என்று திருப்தியடையக் கூடாது. கூடவே அமைதியின்மை, வெளிறிய கண்ணிமை, குளிர்ந்த கைகால், குறையும் சிறுநீர், விலாவில் புதிய உப்பல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டிரெயினில் ஒன்றுமில்லை என்பது ரத்தக்கசிவு இல்லை என்பதற்குச் சான்றல்ல. குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டால் பை காலியாகவே இருக்கும். ரத்தம் உள்ளே தேங்கும். ஹீமோகுளோபின் அளவும் உடனே குறையாது. டிரெயினில் ஒரு மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் புதிய ரத்தம் வந்தாலும், நாடி தொடர்ந்து ஏறினாலும் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். அழைப்பதற்கு முன் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று அரை மணி காத்திருப்பதே பல நேரங்களில் ஆபத்தை வளர்க்கிறது.

*சிறுநீர் அளவு.* மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. குறைந்தபட்ச இலக்கு, 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மி.லி. இரண்டு மணி நேரம் தொடர்ந்து இதற்குக் கீழே இருந்தால் காரணம் தேட வேண்டும். முதலில் கதீட்டர் மடங்கியிருக்கிறதா, உறைகட்டி அடைத்திருக்கிறதா, பை உயரத்தில் தொங்குகிறதா என்று பார்த்து, பிறகு மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். சிறுநீர் குறைந்தது என்று திரவத்தை யோசிக்காமல் ஏற்றுவதும் தவறு. ரத்தம் போவதாலா, சிறுநீரகம் தளர்ந்ததாலா என்று தெரியாமல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே திரவம் ஏற்றும்போது மூச்சு எண்ணிக்கையும் ஆக்சிஜன் அளவும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். மூன்றுவழிக் கதீட்டர் வழியாக நீர் ஏற்றிக் கழுவப்படுகிறதென்றால், உள்ளே போன அளவைக் கழித்த பிறகே சிறுநீரின் அளவை எழுத வேண்டும். இந்தக் கழித்தல் தவறினால் சிறுநீர் நன்றாகப் போகிறது என்ற பொய்க்கணக்கு உருவாகும்.

பகுதி நீக்கத்துக்குப் பின் முதல் ஓரிரு நாள் சிறுநீர் இலேசாகச் சிவந்திருப்பது வழக்கம். அது திடீரென அடர்சிவப்பாக மாறினாலோ, கட்டிகட்டியாக உறைந்து வந்தாலோ வழக்கமல்ல. அடிவயிறு உப்பி, சிறுநீர் வரவில்லை என்றால் உறைகட்டி அடைத்திருக்கலாம். கறுப்புத் தேநீர் நிறத்தில் சிறுநீர் வந்து, பிட்டம் அல்லது தொடையில் கடும் வலியும் இருந்தால், பக்கவாட்டில் நெடுநேரம் படுக்கவைத்ததில் தசை நசுங்கியிருக்கக்கூடும். அதுவே எஞ்சிய சிறுநீரகத்தைத் தாக்கும்.

*டிரெயின்.* நிறம், அளவு இரண்டும் முக்கியம். ரத்தநிறம் தெளிந்து வைக்கோல் நிறமாகும் நேரத்தில் அளவு குறையாமல் கூடினால், வெட்டிய இடத்திலிருந்து சிறுநீர் கசிகிறதா என்ற ஐயம் எழும். டிரெயின் நீரின் கிரியாட்டினின் ரத்தத்தின் கிரியாட்டினினைவிட மிக அதிகமாக இருந்தால் அது சிறுநீர். ஏறக்குறைய சமமாக இருந்தால் உடல்நீர். மாதிரியைச் சுத்தமாக எடுத்து, இரண்டு பரிசோதனைகளையும் ஒரே நேரத்தில் அனுப்புவது செவிலியரின் பங்கு. டிரெயினை எப்போது எடுப்பது என்பதை மருத்துவர் இந்தக் குறிப்பை வைத்தே முடிவெடுக்கிறார்.

*வலி.* விலாவில் போட்ட வெட்டு மூச்சோடு அசைவதால் வலி அதிகம். வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சுவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும். எனவே வலியைக் கட்டுப்படுத்துவது வெறும் சுகத்துக்காக அல்ல. பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்து, தேவைக்கேற்ப மற்றவற்றைச் சேர்ப்பது நல்ல வழி. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், கீட்டோரோலாக் வகை மருந்துகள் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், இரவில் வலி என்று கேட்டதும் பழக்கத்தில் போட்டுவிடக் கூடாது. மருத்துவர் எழுதாமல் கொடுக்கவே கூடாது. மார்ஃபின் சிறுநீரக வேலை குறைந்தவர்களிடம் உடலில் தங்கிவிடும். மூச்சு நிமிடத்துக்கு 10-க்குக் கீழே போனாலோ, எழுப்பினாலும் மீண்டும் மீண்டும் தூங்கிவிழுந்தாலோ உடனே சொல்ல வேண்டும். முதுகு வழி எபிடூரல் இருந்தால் காலசைவும் ரத்த அழுத்தமும் நேரத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். லேப்ராஸ்கோப்பிக்குப் பின் தோளில் வரும் வலி, உள்ளே செலுத்திய வாயுவால் உதரவிதானம் எரிச்சலுற்றதால் வருவது. இதை முன்பே சொல்லிவைத்தால் நோயாளி மாரடைப்பு என்று பயப்படமாட்டார்; ஆனால் வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் வரும் நெஞ்சுவலியை இதோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது.

*மூச்சு.* கடைசி விலாவெலும்புகளை ஒட்டி வெட்டு போடுவதால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகும் வாய்ப்புண்டு. மூச்சொலி ஒரு பக்கம் குறைந்து, ஆக்சிஜன் சரிந்தால் மார்பு எக்ஸ்ரேவுக்கு ஏற்பாடு தேவை. விழித்திருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் பத்துத் தடவை மூச்சுப்பயிற்சி செய்யவைக்க வேண்டும்.

இரண்டாம் நாள் முதல்

மறுநாளே எழுந்து உட்கார்ந்து, இயன்றால் நடக்க வைப்பது பெரும்பாலானவர்களுக்கு நல்லது. கால்சிரைகளில் ரத்தம் உறைவதைத் தடுக்க நடையும், கெண்டைக்கால் அழுத்துக் கருவியும், மருத்துவர் சொன்ன நேரத்தில் ஹெபாரின் ஊசியும் உதவும். எபிடூரல் குழாயை எடுக்கும் நேரத்துக்கும் ஹெபாரின் நேரத்துக்கும் இடைவெளி வேண்டும். இதை மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளாமல் செய்யக் கூடாது. பகுதி நீக்கமானால் நடமாட்டம் பற்றி அறுவை மருத்துவரின் தனிக்குறிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

குடல் அசைவு தாமதமாகலாம். வயிறு உப்பி வாந்தி வந்தால் உணவைக் கட்டாயப்படுத்தக் கூடாது. குடலொலி கேட்டு, வாயு பிரிந்த பின் சிறிது சிறிதாகக் கஞ்சி, இட்லி எனக் கூட்டலாம். பார்க்க வரும் உறவினர்கள் இளநீர், சாத்துக்குடி ஜூஸ் கொண்டுவருவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். கிரியாட்டினின் ஏறியிருப்பவருக்கு அது இதயத்துடிப்பைக் கெடுக்கும் அளவுக்குப் போகலாம். அன்றைய பொட்டாசியம் முடிவைப் பார்க்காமல் அனுமதிக்க வேண்டாம். காரணத்தைச் சொன்னால் உறவினர்கள் வருத்தப்படமாட்டார்கள்.

முழு நீக்கத்துக்குப் பின் கிரியாட்டினின் முன்பைவிடக் கூடுவது எதிர்பார்க்கப்படுவதே. எஞ்சிய சிறுநீரகம் வாரங்கள் போகப்போக வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவது எதிர்பார்க்கப்படுவதல்ல. வாந்தி, நீரிழப்பு, கிருமித்தொற்று, சிறுநீரகத்தைத் தாக்கும் ஆன்டிபயாடிக் ஆகிய எதுவானாலும் ஒற்றைச் சிறுநீரகத்துக்குச் சுமை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை எடுப்பது திரவத் தேக்கத்தைச் சொல்லும் எளிய வழி. கதீட்டரைத் தேவைக்கு மேல் ஒருநாள்கூட வைத்திருக்கக் கூடாது.

அறுவை அல்லாத சிகிச்சைகள்

முதியவர்களுக்கும், வேறு நோய்கள் மிகுந்தவர்களுக்கும் சிறிய கட்டியை உடனே எடுக்காமல் கண்காணிப்பதும் உண்டு. இத்தகைய கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. மட்டுமே வளர்வதாகப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். "ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள்" என்று நோயாளி எண்ணிவிடக் கூடாது. கண்காணிப்பும் ஒரு சிகிச்சைத் திட்டம் என்பதையும், ஸ்கேன் தேதியைத் தவறவிட்டால் திட்டமே முறியும் என்பதையும் தெளிவாக்கி, அடுத்த தேதியைக் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஊசி வழியாகக் கட்டியை உறையவைத்தோ, கதிரலையால் சூடாக்கியோ அழிக்கும் முறைகளில், பின்கவனிப்பு ஊசித்திசு ஆய்வுக்குச் சொன்னதைப் போன்றதே.

பரவிய நோய்க்குச் சுனிடினிப், பாசோபானிப் போன்ற மாத்திரைகளும், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோய் எதிர்ப்பு ஊக்க மருந்துகளும் உள்ளன. மாத்திரை சாப்பிடுபவர்களிடம் ரத்த அழுத்தம் ஏறுதல், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, உள்ளங்கையும் பாதமும் சிவந்து வெடித்தல், தைராய்டு குறைதல் ஆகியவற்றைத் தேட வேண்டும். வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் நல்லது. பாதத்தை ஈரப்பதமாக வைத்து, இறுக்கமான செருப்பைத் தவிர்க்கச் சொல்லலாம். ஊக்க மருந்து பெறுபவருக்கு வயிற்றுப்போக்கோ, வறட்டு இருமலோ, மஞ்சள் காமாலையோ வந்தால் அது சாதாரண நோயல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே குடலையோ நுரையீரலையோ கல்லீரலையோ தாக்குவதாக இருக்கலாம். மருந்துக்கடை மாத்திரையோடு வீட்டில் இருக்கவிடாமல் உடனே வரச்சொல்ல வேண்டும். எலும்புக்குப் பரவிய நோயாளியைப் படுக்கையில் புரட்டும்போதும் தூக்கும்போதும் எலும்பு முறியும் அபாயத்தை நினைவில் வைக்க வேண்டும். வலியின் அளவைக் கேட்டு எழுதுவதும், மருந்து போதவில்லை என்றால் குரல் கொடுப்பதும் அவருக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி.

குழந்தைகளில்

சிறு குழந்தைகளிடம் காணும் சிறுநீரகக் கட்டியில் பெரும்பாலானது வில்ம்ஸ் கட்டி. மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1899-இல் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரால் வழங்குகிறது. மூன்று, நான்கு வயதில் அதிகம் தென்படும். குளிப்பாட்டும்போது தாயின் கையில் வயிற்றின் ஒருபுறம் கட்டியாகத் தட்டுப்படுவதே பெரும்பாலும் முதல் அறிகுறி.

இங்கே ஒரே ஒரு விதி மற்றெல்லாவற்றுக்கும் மேலானது: வயிற்றை அழுத்தக் கூடாது. கட்டியின் உறை கிழிந்தால் புற்றணுக்கள் வயிற்றுக்குள் சிதறி, நோயின் நிலையும் சிகிச்சையின் கடுமையும் கூடிவிடும். படுக்கைத் தலைமாட்டில் 'வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்' என்ற பலகையைத் தொங்கவிட்டு, மாணவர்கள் உட்பட எல்லோரையும் கட்டுப்படுத்த வேண்டும். குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாடவிடவும், இடுப்பில் இறுக்கித் தூக்கவும் கூடாது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டும். ரத்த அழுத்தத்தைக் குழந்தைக்குரிய அளவுப் பட்டையால் நாள்தோறும் பார்க்க வேண்டும். வில்ம்ஸ் கட்டி குணமாகும் வாய்ப்பு அதிகம் உள்ள புற்றுநோய்களில் ஒன்று. இதைப் பெற்றோரிடம் மருத்துவரோடு சேர்ந்து உறுதியாகச் சொல்லலாம்.

வீடு திரும்பும்போது

விடுப்புக் குறிப்பை நோயாளியும், வீட்டில் அவரைக் கவனிப்பவரும் ஒன்றாக இருக்கும்போது விளக்க வேண்டும். எளிய சொற்களில் சொல்லி, அவர்களையே திருப்பிச் சொல்லச் சொன்னால் எது புரியவில்லை என்று உடனே தெரிந்துவிடும். சொல்ல வேண்டியவை:

வெட்டுக்காயத்தைச் சுத்தமாகவும் காய்ந்ததாகவும் வைத்திருக்க வேண்டும். சீழ், சிவப்பு, காய்ச்சல் இருந்தால் வர வேண்டும். தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், குழந்தை என எடை தூக்குவதை ஏறத்தாழ ஆறு வாரம் தவிர்க்க வேண்டும். நடப்பது நல்லது. தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை மருத்துவர் சொன்ன அளவில் எழுதிக் கொடுக்க வேண்டும். உணவில் உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பதே எஞ்சிய சிறுநீரகத்துக்குச் சிறந்த காவல். புகைப்பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

வலிமாத்திரை, நாட்டு மருந்து, பெயர் தெரியாத பஸ்பம் எதையும் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பல்வலிக்கு வேறு மருத்துவரிடம் போனாலும், ஸ்கேனுக்குக் கான்ட்ராஸ்ட் போடவந்தாலும், "எனக்கு ஒரு சிறுநீரகம்தான்" என்று முதலில் சொல்ல வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதி, எந்தப் பக்கம், அறுவைத் தேதி, கடைசிக் கிரியாட்டினின் அளவு மூன்றையும் சேர்த்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளக் கொடுப்பது நல்ல வழக்கம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள் தனித்தாளில் இருக்கட்டும்: சிறுநீரில் திடீர் ரத்தம், விலாவில் கூடும் வலி அல்லது வீக்கம், குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல், சிறுநீர் வெகுவாகக் குறைதல், மயக்கம். பகுதி நீக்கம் ஆனவரிடம் முதல் அறிகுறியை அழுத்திச் சொல்ல வேண்டும். வெட்டிய இடத்தில் தமனியின் சுவர் பலவீனமாகிப் புடைத்து, ஓரிரு வாரம் கழித்து வெடிக்கலாம். எல்லாம் ஆறிவிட்டது என்று வீட்டில் இருக்கும்போது சிறுநீர் சிவந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. இத்தகைய கசிவைப் பெரும்பாலும் மறு அறுவையின்றி, தமனிக்குள் நுழைத்த நுண்குழாய் வழியே அடைக்க முடியும்.

நோயியல் அறிக்கை வர நாட்களாகும். அது வந்ததும் யார் சொல்வார், எப்போது வரவேண்டும் என்பதை விடுப்பன்றே சொல்லிவிட வேண்டும். தொடர் ஸ்கேன், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான கால அட்டவணை கட்டியின் நிலையைப் பொறுத்து மருத்துவர் தீர்மானிப்பது. அட்டவணையின் ஒரு பிரதி நோயாளியிடமும், ஒன்று கேஸ் ஷீட்டிலும் இருக்க வேண்டும். குறித்த நாளில் வராத நோயாளியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் ஏற்பாடும் வார்டில் இருந்தால் பராமரிப்பு முழுமை பெறும்.